விளையாட்டுப் பெட்டியில் நிலைத்த இலாபம் எங்கே?

முன்னுரை

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் விருதுநகர்க் கடைத்தெருவில் நடந்து செல்வோர் ஒரு காட்சியைத் தவறாது காணலாம். தந்தையின் விரலைப் பற்றிய சிறுவன் ஒருவன் பொம்மைத் துப்பாக்கியைச் சுட்டிக்காட்டி அடம் பிடிப்பான். தந்தை விலை கேட்பார், கடைக்காரர் குறைத்துச் சொல்வார், துப்பாக்கி கைமாறும். அத்துடன் வணிகம் முடிந்துவிடுவதில்லை. துப்பாக்கிக்கு ரோல் கேப் வேண்டும். வாங்கிய கேப் அன்று மாலைக்குள் தீர்ந்துவிடும். மறுநாளும் அச்சிறுவன் அதே கடை வாயிலில் வந்து நிற்பான். துப்பாக்கி வாங்குவது ஒருமுறை. கேப் வாங்குவது பன்முறை.

இச்சிறு வணிகத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், உலகப் பெருவணிகங்களுள் ஒன்றாகிய வீடியோ விளையாட்டுப் பெட்டி வணிகத்தின் நுட்பமும் எளிதில் விளங்கும். தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் இப்பெட்டிகளைச் செய்வோருள் இன்று முன்னிற்பவை நிண்டெண்டோ, சோனி, மைக்ரோசாப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களே. பல வேளைகளில் இப்பெட்டிகள் அடக்கவிலைக்கும் குறைவாகவே விற்கப்பட்டுள்ளன. நட்டத்திற்கு விற்போர் நெடுநாள் வாழ்வது எங்ஙனம்? அவ்வாறு விற்றவருள் சிலர் வாழவும் சிலர் வீழவும் காரணம் யாது? தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் சோறு போடும் இம்மாவட்டத்து மக்களுக்கு இவ்வினா வெறும் பொழுதுபோக்கு வினா அன்று. பண்டிகையை நம்பிய தொழில் ஒன்று பல தலைமுறைக்கு நிலைக்க என்ன செய்யவேண்டும் என்பதே இவ்வினாவின் உட்பொருள். அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

துப்பாக்கியும் கேப்பும்

விளையாட்டுப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் விளையாட இயலாது. அதற்குரிய விளையாட்டுகளைத் தனித்தனியே விலைகொடுத்து வாங்குதல் வேண்டும். முன்னாளில் இவை சிறு பேழை வடிவிலும், பின்னர் வட்டத் தகடுகளிலும் வந்தன. இந்நாளில் பெரும்பாலும் இணையவழியே இறக்கிக்கொள்ளப்படுகின்றன. விளையாட்டுகளுள் சிலவற்றைப் பெட்டி செய்யும் நிறுவனமே ஆக்கும். ஏனையவற்றைப் பிற நிறுவனங்கள் ஆக்கும். அவ்வாறு ஆக்குவோர், விற்கும் ஒவ்வொரு படிக்கும் பெட்டி நிறுவனத்துக்கு ஒரு பங்கு செலுத்துதல் வேண்டும். இணையக் கடைவழி விற்பனையில் இப்பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது என்பது வழக்கம். இவற்றோடு, பிறருடன் இணைந்து விளையாடுவதற்கெனத் திங்கள்தோறும் அல்லது ஆண்டுதோறும் செலுத்தும் சந்தாவும் உண்டு.

ஆகவே, பெட்டி என்பது வீட்டினுள் திறந்துவைக்கப்படும் ஒரு கடை வாயில். வாயிலைக் கட்டுவதில் சிறிது நட்டம் வந்தாலும், அதன் வழியே ஆண்டுக்கணக்கில் நடைபெறும் வணிகம் அதனை ஈடுசெய்துவிடும் என்பது கணக்கு. 2021 மே மாதத்தில் அமெரிக்க நீதிமன்றத்தில் நடைபெற்ற எபிக், ஆப்பிள் நிறுவனங்களுக்கிடையிலான வழக்கில் மைக்ரோசாப்ட் அலுவலர் ஒருவர் சாட்சியம் அளித்தார். எக்ஸ்பாக்ஸ் பெட்டியை விற்றதில் தம் நிறுவனம் ஒருபோதும் இலாபம் ஈட்டியதில்லை என்பது அவர் கூற்று. 2001ஆம் ஆண்டு முதல் விற்றுவரும் பொருளைப் பற்றிய கூற்று இது என்பது கருதத்தக்கது.

காவல் இல்லாத வாயில்

இங்கே ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். நம்மூர்ப் பொம்மைத் துப்பாக்கியில் எவர் செய்த ரோல் கேப்பும் பெரும்பாலும் பொருந்தும். ஆதலால் துப்பாக்கியை மலிவாக விற்று, கேப்பில் ஈடுகட்டலாம் என ஒருவர் எண்ணினால், கேப்பின் இலாபம் வேறொருவரைச் சென்றடையும். பெட்டி வணிகத்தின் தொடக்கக் காலத்தில் அமெரிக்காவின் அடாரி நிறுவனத்துக்கு நேர்ந்ததும் இதுவே. 1979இல் அங்கிருந்து விலகிய விளையாட்டு ஆக்குநர் சிலர் ஆக்டிவிஷன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, அடாரி பெட்டிக்கான விளையாட்டுகளைத் தாமே ஆக்கி விற்றனர். அதனைக் கண்டு வேறு பலரும் அவ்வாணிகத்தில் இறங்கினர். தரமற்ற விளையாட்டுகள் கடைகளில் குவிந்தன. வாங்கி ஏமாந்த மக்கள் மீண்டும் வாங்க முன்வரவில்லை. 1983இல் தொடங்கிய சரிவில் இரண்டே ஆண்டுகளுள் அமெரிக்க வீடியோ விளையாட்டுச் சந்தை நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் சுருங்கியது.

இவ்வீழ்ச்சியைக் கண்டு பாடம் கற்றது சப்பானின் நிண்டெண்டோ. 1985இல் அமெரிக்கச் சந்தையில் நுழைந்தபோது, தன் பெட்டியினுள் பூட்டுப் போன்ற மின்னணுச் சில்லு ஒன்றை அது பொருத்தியிருந்தது. நிறுவனத்தின் இசைவு பெற்ற பேழைகளே அப்பெட்டியில் இயங்கின. ஒரு நிறுவனம் ஓராண்டில் இத்தனை விளையாட்டுகளுக்குமேல் வெளியிடலாகாது என வரையறையும் வகுத்தது. வாயிலுக்குக் காவல் அமைந்தது, தரம் உயர்ந்தது, மக்கள் நம்பிக்கை மீண்டது.

எனினும், காவல் கடுமையானால் வருவோரும் விலகுவர். 1996இல் வெளிவந்த நிண்டெண்டோ 64 என்னும் பெட்டி, விலை மிகுந்த பேழைகளையே தொடர்ந்து பயன்படுத்தியது. சோனியின் பிளேஸ்டேஷனோ மலிவான வட்டத் தகட்டைப் பயன்படுத்தியது. விளையாட்டு ஆக்குவோர் பலர் சோனியின் பக்கம் சென்றனர். முடிவில் சோனியின் பெட்டி 10 கோடிக்கு மேலும், நிண்டெண்டோவின் பெட்டி ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சமும் விற்றன. வாயிலில் காவலும் வேண்டும். வாங்கும் சுங்கம் நியாயமாகவும் இருத்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

குட்டிச் சப்பானும் பெருஞ்சப்பானும்

சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்று நேரு அழைத்ததாக நம் பெரியோர் பெருமையுடன் கூறுவர். இவ்வொப்புமையில் நாம் அறியாத இன்னொரு பொருத்தமும் உண்டு. நிண்டெண்டோ தொடங்கப்பட்டது 1889இல், கியோட்டோ நகரில். அந்நாளில் அது செய்தது மலர்ப்படங்கள் பொறித்த சீட்டுக்கட்டு. அட்டையில் வண்ணப்படம் பதித்து விற்ற சிறு தொழிற்கூடமே இன்றைய பெருநிறுவனத்தின் விதை. 1960களில் சீட்டு விற்பனை தளர்ந்தபோது அந்நிறுவனம் வாடகைக் கார், உடனடி உணவு எனப் பலவற்றிலும் கைவைத்துத் தோல்வி கண்டது. பின்னர்ப் பொம்மைகளுக்கு மாறியது; அங்கிருந்து மின்னணு விளையாட்டுக்கு வந்தது; 1983இல் 'ஃபேமிகாம்' பெட்டியை வெளியிட்டது. தொடர்பற்ற தொழில்களில் கால்வைத்தபோது தோற்ற அது, தானறிந்த தொழிலுக்கு அண்டை வீட்டுத் தொழிலைத் தேர்ந்தபோது வென்றது.

சிவகாசியின் வரலாறும் இத்தகையதே. 1920களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மழை குன்றிய கரிசல் மண்ணில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். அதற்கென அச்சுத்தொழில் வந்தது. தீக்குச்சியின் மருந்தைக் கையாளும் அறிவு பட்டாசுக்கு வழிகாட்டியது. 1940இல் வெடிபொருள் விதிகள் உரிமத்தைக் கட்டாயமாக்கின. இரண்டாம் உலகப்போர் வெளிநாட்டுப் பட்டாசின் வரவைத் தடுத்தது. இவ்விரண்டும் சேர்ந்து முறையான பட்டாசுத் தொழிற்சாலைகள் இங்கு எழத் துணைபுரிந்தன. லேபிள் அச்சிட்ட கைகளே பின்னர் நாட்காட்டியும் பாடநூலும் அச்சிட்டன. ஒரு தொழிலின் தேவையே அடுத்த தொழிலைப் பெற்றெடுத்தது.

இம்மூன்று தொழில்களுள் நாட்காட்டியின் இயல்பு கருதத்தக்கது. டிசம்பர் 31ஆம் நாளுடன் அதன் பயன் தானே முடிந்துவிடுகிறது. வாங்கியவர் மீண்டும் வாங்கியே தீரவேண்டும். பெட்டி நிறுவனங்கள் அரும்பாடுபட்டு உருவாக்கிய 'மீண்டும் வாங்கும் தேவை' நாட்காட்டிக்கு இயல்பாகவே வாய்த்துள்ளது.

தீப்பெட்டியும் அவ்வாறே மீண்டும் மீண்டும் வாங்கப்படுவதுதான். ஆயினும் அதன் நிலை வேறு. 2007இல் ஒரு ரூபாயான தீப்பெட்டி விலை, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயாயிற்று. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் மெழுகும் அட்டையும் குச்சியும் மருந்தும் கூலியும் ஏறின, விலைமட்டும் ஏறவில்லை. மலிவான வெளிநாட்டு லைட்டர்கள் சந்தையைப் பறித்தன. 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியை ஒன்றிய அரசு தடைசெய்த பின்னரே தீப்பெட்டித் தொழில் சற்று மூச்சுவிட்டது. பன்முறை வாங்கப்படுவது மட்டும் போதாது. விலையை உயர்த்தும் வலிமையும் விற்பவரிடம் இருத்தல் வேண்டும் என்பதற்குத் தீப்பெட்டியே சான்று.

மேடும் பள்ளமும்

விளையாட்டுப் பெட்டி வணிகம் அலைபோல எழுந்து தாழும் இயல்பினது. ஒரு பெட்டி வெளிவந்து ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் அடுத்த தலைமுறைப் பெட்டி வந்தாகவேண்டும். சோனியின் பெட்டிகள் 2000, 2006, 2013, 2020 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. ஒவ்வொரு முறையும் பழைய வெற்றியைப் பின்தள்ளிவிட்டுப் புதிதாக மக்களின் மனத்தைப் பெறவேண்டும்.

பிளேஸ்டேஷன் 2 என்னும் பெட்டி 16 கோடியளவில் விற்று, எக்காலத்துக்கும் முதலிடம் பெற்றது. அதன் வழித்தோன்றலாக 2006இல் வந்த மூன்றாம் பெட்டியோ, செய்யும் செலவு மிகுந்தமையால் பெருநட்டத்தைத் தந்தது. அந்நிதியாண்டில் சோனியின் விளையாட்டுப் பிரிவு 23,000 கோடி யென்னுக்கு மேல் நட்டம் கண்டது. 2007இல் மைக்ரோசாப்ட் நிறுவனம், பழுதான எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிகளைச் செப்பனிட்டுத் தருவதற்கென நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது. இவ்விரு நிறுவனங்களும் வேறு தொழில்களின் வருவாயைக்கொண்டு பிழைத்தன.

அத்தகைய பின்புலம் இல்லாத சேகா நிறுவனத்தால் பிழைக்க இயலவில்லை. 1998இல் டிரீம்காஸ்ட் என்னும் சிறந்த பெட்டியை வெளியிட்டும், தொடர்ந்து வந்த நட்டங்களைத் தாங்கமாட்டாமல், 2001 ஜனவரியில் பெட்டித் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது. அதன் தலைவர் இசாவோ ஒகாவா தம் சொந்தச் செல்வத்தில் பெரும்பகுதியை நிறுவனத்துக்கே நன்கொடையாக அளித்துவிட்டு, அவ்வாண்டு மார்ச்சில் மறைந்தார். சேகா இன்றும் விளையாட்டுகளை ஆக்கிவருகிறது. துப்பாக்கியை விட்டுக் கேப்பை மட்டும் செய்கிறது எனலாம்.

நாள் செல்லச் செல்லப் பெட்டியின் அடக்கவிலை குறையும். அப்போது தொடக்க நட்டம் ஈடாகும் என்பது பழைய நம்பிக்கை. அந்நம்பிக்கையும் இப்போது தளர்ந்துள்ளது. பிளேஸ்டேஷன் 5 பெட்டியின் விலை 2022இல் சப்பானிலும் ஐரோப்பாவிலும், 2025இல் அமெரிக்காவிலும் உயர்த்தப்பட்டது. வெளிவந்து ஆண்டுகள் கடந்த பெட்டியின் விலை ஏறுதல் இவ்வணிகத்தில் முன்னாளில் அரிது.

ஏழாண்டுக் கதிர்

மெலிந்த ஆண்டுகளைத் தாங்குவது எவ்வாறு? இவ்வினாவுக்கு நாம் நன்கறிந்த விடை ஒன்று உண்டு. நபி யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றில், எகிப்து மன்னர் கண்ட கனவுக்கு அவர்கள் கூறிய விளக்கத்தைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. ஏழாண்டுகள் விளைச்சல் பெருகும். அதில் உண்பதற்கு வேண்டிய சிறிதளவு போக எஞ்சியதைக் கதிரோடு விட்டுவைத்தல் வேண்டும். பின்வரும் ஏழாண்டுப் பஞ்சத்தை அதுவே தாங்கும் என்பது அவ்விளக்கத்தின் கருத்து. செழிப்பைக் கண்டு மயங்காமல், செழிப்பின் நடுவிலேயே பஞ்சத்துக்கு ஆயத்தமாதலே அதன் படிப்பினை.

நிண்டெண்டோவின் பிற்கால வரலாறு இதற்கு எடுத்துக்காட்டாக நிற்கிறது. 2006இல் வெளிவந்த அதன் 'வீ' என்னும் பெட்டி 10 கோடிக்கு மேல் விற்றுப் பெருஞ்செல்வம் தந்தது. அந்நிறுவனம் அதனைக் கடன் இல்லாத பெரும் இருப்பாகச் சேர்த்துவைத்தது. 2012இல் வந்த அடுத்த பெட்டியாகிய 'வீ யூ' ஏறத்தாழ 1 கோடியே 36 இலட்சம் மட்டுமே விற்றது. 2012, 2013, 2014 மார்ச்சுகளில் முடிந்த மூன்று நிதியாண்டுகளிலும் தொழில் நட்டம் தொடர்ந்தது. வேறொரு நிறுவனமாயின் கதவடைத்திருக்கும். அன்றேல் ஊழியரை வெளியேற்றியிருக்கும். அதன் தலைவர் சட்டோரு இவாட்டா 2014இல் தம் ஊதியத்தைச் சில மாதங்களுக்குப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். ஊழியரைக் குறைத்தால் எஞ்சியோரின் மனவுறுதி குன்றும். அச்சத்துடன் பணிபுரிவோர் உலகைக் கவரும் விளையாட்டை ஆக்க இயலாது என்பது அவர் கருத்து. 2015இல் அவர் மறைந்தார். 2017இல் வெளிவந்த 'சுவிட்ச்' பெட்டி 15 கோடிக்கு மேல் விற்றது. மெலிந்த ஆண்டுகளில் காக்கப்பட்ட கைகளே அதனையும் ஆக்கின.

பட்டாசு மண்ணுக்கு உரிய பாடம்

இனி நம் மண்ணுக்கு வருவோம். பட்டாசுத் தொழில் ஆண்டு முழுவதும் உழைத்து, தீபாவளியையொட்டிய சில வாரங்களில் அறுவடை செய்வது. அவ்வாரங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்தால் விற்பனை குன்றும். நீதிமன்றத் தீர்ப்பும் ஒருவகைப் பருவமாற்றமே. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடிகளையும் விலக்கி, பசுமைப் பட்டாசுகளுக்கே இடமளித்தது. கம்பி மத்தாப்பும் பச்சை ஒளியும் பேரியம் நைட்ரேட்டையே பெரிதும் சார்ந்திருந்தன. மக்களின் மூச்சைக் காக்கும் நோக்குடைய அத்தீர்ப்பைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. ஆயினும் ஆலைகள் அடைபட்ட திங்களில் அடுப்பு எரியாமற் போனது தொழிலாளியின் வீட்டிலே என்பதை மறத்தலும் ஆகாது.

இத்தகைய நாள்களைத் தாங்கும் கதிர் நம்மிடம் சேர்த்து வைக்கப்பட்டுள்ளதா? நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். விருதுநகர் வணிகர் தம் விற்பனையில் சிறு பங்கை 'மகமை' எனப் பொதுநிதிக்கு ஒதுக்கினர். வீடுதோறும் ஒதுக்கிய பிடியரிசி க்ஷத்திரிய வித்யாசாலைப் பள்ளியைத் தாங்கியது. அப்பள்ளியில் பயின்றவரே பெருந்தலைவர் காமராசர். நம் சமுதாயத்தில் பைத்துல்மால் என்னும் பொதுநிதி இதே நோக்குடையது. பட்டாசு செழித்த ஆண்டில் பெட்டிக்கு ஒரு சிறு தொகை பொதுநிதியில் சேருமாயின், மெலிந்த ஆண்டில் மருந்து இடிப்போரும் திரி செருகுவோரும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டியிராது.

வாயில் காவல் என்னும் இரண்டாம் பாடம் இதனினும் முதன்மையானது. பெட்டி வணிகத்தில் காவல் தவறினால் தரம் கெடும். பட்டாசில் காவல் தவறினால் உயிர் போகும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உரிமம் ஒருவர் பெயரிலும் தொழில் வேறொருவர் கையிலுமாக நடக்கும் உள்குத்தகை முறை, காவலில்லாத வாயிலைத் திறந்துவைப்பதாகும். உரிமத்தைச் சுமையாகக் கருதாமல், தம் பெயருக்கும் தம் தொழிலாளர்க்கும் அரணாகக் கருதும் நிறுவனமே நெடுநாள் வாழும்.

மூன்றாவது, அண்டை வீட்டுத் தொழில். நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் வகுத்த கலவைகளைக்கொண்டு பசுமைப் பட்டாசு செய்யக் கற்றது சிவகாசி. லேபிளிலிருந்து நாட்காட்டிக்குச் சென்ற அதே அறிவு இங்கும் செயல்பட்டது. வேதியியல், அச்சு, பொதி கட்டுதல், நாடெங்கும் சரக்கனுப்புதல் ஆகியவற்றில் மூன்று தலைமுறைப் பயிற்சி உடைய ஊருக்கு அடுத்த கதவு எது என்பதனைத் தேடுதல் இன்றைய மாணவரின் கடன்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நிலைத்த இலாபம் பெட்டியில் இல்லை. ஒரு பருவத்து விற்பனையிலும் இல்லை. மீண்டும் வந்து வாங்குவோரின் நம்பிக்கையிலும், அந்நம்பிக்கையைக் காக்கும் வாயிலிலும், செழிப்பில் சேர்த்த கதிரிலும், அக்கதிரில் உழைப்போர்க்கும் பங்கு உண்டு என்னும் அறவுணர்விலுமே அது தங்கியுள்ளது. கியோட்டோவின் சீட்டுத் தொழிற்கூடம் நூற்றாண்டு கடந்தும் வாழ்கிறது. கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பியோரின் ஊரும் நூற்றாண்டைக் கண்டுவிட்டது. அடுத்த நூற்றாண்டுக்குரிய கதிரைச் சேர்க்கும் பொறுப்பு நம் மாணவச் செல்வங்களைச் சார்ந்தது. உங்களுள் பலர் பட்டாசுத் தொழிலாளரின் மக்கள். சிலர் அத்தொழில் நடத்துவோரின் மக்கள். இரு சாராரும் ஒரே வகுப்பறையில் ஒரே பலகையில் அமர்ந்து பயில்கிறீர்கள். நாளை கணக்கேடு உங்கள் கைக்கு வரும்போது, இலாபம் எழுதும் பக்கத்துக்கு முன்பாக, மெலிந்த ஆண்டுக்கென ஒரு பக்கத்தை ஒதுக்கி எழுதத் தொடங்குங்கள்.